வணிகர்களுக்கு விளையாட்டு எதற்கு?

(ஆத்தூர் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் எழுதுவது)



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஆண்டு விழா பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம்போல் தலைமையுரை, பொன்னாடை, வரவு செலவு வாசிப்பு, மதிய விருந்து என்று பட்டியல் தயாரானது. நான் எழுந்து, "இந்த ஆண்டு ஒரு நாள் விளையாட்டு வைப்போம். மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர், கடையில் வேலை பார்க்கும் தம்பிகள், சுமை தூக்கும் தோழர்கள் எல்லாரும் சேர்ந்து கயிறு இழுப்போம், சடுகுடு ஆடுவோம்" என்றேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "அண்ணே, அறுபதைத் தாண்டிட்டீங்க. முதுகு பிடிச்சுக்கிட்டா சங்கமா வைத்தியம் பாக்கும்?" என்றார் ஒரு நண்பர். "வியாபாரிக்குக் கல்லாப்பெட்டிதான் விளையாட்டு" என்றார் இன்னொருவர். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடியும் சிரிப்பதானால் சிரிக்கலாம்.

முறிந்து போன கொள்முதல்

முதலில் ஒரு தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி வியாபாரிகள் பதினான்கு பேர் கூடி ஒரு முடிவெடுத்தோம். துவரம் பருப்பைத் தனித்தனியே ஐந்து மூட்டை, பத்து மூட்டை என்று வாங்காமல், ஒரு லாரி லோடாக ஆலையிலிருந்தே நேராக இறக்கிப் பிரித்துக்கொள்வது என்பது அந்த முடிவு. தரகு மிச்சம், வாடகை மிச்சம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொருவருக்கும் லாபம் தெரிந்தது. பதினான்கு பேரும் தலையாட்டினோம்.

பணம் கட்ட வேண்டிய நாளில் ஐந்து பேர்தான் கட்டினார்கள். கட்டாத ஒன்பது பேரில் நானும் ஒருவன். கையில் பணம் இருந்தது. ஆனால் யாரிடம் கொடுப்பது, அவர் தரம் பார்த்து வாங்குவாரா, நல்ல மூட்டைகளைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு மட்டமானதை நம் தலையில் கட்டிவிடுவாரா என்று இரவெல்லாம் யோசித்தேன். காலையில், "வசூல் வரவில்லை" என்று பொய் சொல்லிவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் ஏறக்குறைய அதே காரணத்தைத்தான் சொன்னார்கள். முயற்சி அதோடு நின்றது. போட்ட கணக்கு சரிதான். போட்டவர்களுக்குள் நம்பிக்கைதான் இருப்பு இல்லை.

இன்று நிலைமை அதைவிடக் கடினம். பெரிய நிறுவனங்கள் ஆலையிலேயே விலை பேசி வாங்குகின்றன. நகரங்களில் கைப்பேசியில் தட்டினால் பத்து நிமிடத்தில் அரிசியும் பருப்பும் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. அந்த வாங்கும் பலம் ஒற்றைக் கடைக்காரருக்கு எப்படி வரும்? பத்துப் பேர் சேர்ந்தால் ஓரளவு வரும். 'ஒற்றுமையே பலம்' என்று ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தில் முழங்குகிறோம். கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். மே 6 காலையில், பக்கத்துக் கடையில் சர்க்கரை என்ன விலை என்று ஆள் விட்டுப் பார்க்கிறோம். மேடைப் பேச்சில் வருகிற ஒற்றுமைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

லாரியடியில் கண்டது

அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? நான் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். அது என் குடோன் வாசல்.

லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைக் கவனித்திருப்பீர்கள். மேலே நிற்பவர் ஐம்பது கிலோ மூட்டையை விளிம்புக்கு இழுத்து வைக்கிறார். கீழே நிற்பவர் லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிகிறார். மூட்டை எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. கண்ணால் பார்க்கவும் முடியாது. மேலே இருப்பவர் அரை நொடி முந்தினாலும், ஒரு சாண் தள்ளி வைத்தாலும் கீழே இருப்பவரின் முதுகெலும்புக்கு ஆபத்து. ஆனாலும் ஒரு நாளைக்கு இருநூறு தடவை அந்த முதுகு குனிகிறது. இவர்களுக்குள் முத்திரைத்தாள் ஒப்பந்தம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை.

புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்தால் பழைய ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதல் நாளே அரிசி மூட்டையை ஏற்றமாட்டார்கள். அப்பளம், சேமியாப் பெட்டி போன்ற லேசான சரக்கைக் கொடுத்து, அவர் கால் எப்படி ஊன்றுகிறார், சொன்ன இடத்தில் வைக்கிறாரா என்று பார்ப்பார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் கனத்த மூட்டை. அதற்குள் ஒருவர் உடம்பின் போக்கு இன்னொருவருக்குப் பழகிவிடும். நம்பிக்கை என்பது சேர்ந்து சுமந்த பழக்கத்தில் வருவது என்பதை அவர்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அப்படிச் சேர்ந்து சுமக்க வாய்ப்பில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் விளையாட்டு என்கிறேன்.

சடுகுடு சொல்லும் கணக்கு

சடுகுடு நம் தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. கபடி என்ற பெயரில் 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் சேர்க்கப்பட்டது. அப்போது தொடங்கி 2014 வரை நடந்த ஏழு ஆசியப் போட்டிகளிலும் இந்திய ஆண்கள் அணியே தங்கம் வென்றது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் வென்ற அணியில் ஆடியவர். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். பணக்கார விளையாட்டல்ல. மண் தரையும் சுண்ணாம்புக் கோடும் போதும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அதன் விதிகளை. பக்கத்துக்கு ஏழு பேர். பாடி வருபவர் ஒருவர். அவருக்கு முப்பது விநாடி. அவரைப் பிடிக்க நிற்பவர்கள் பக்கத்தில் உள்ளவரின் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். பாடி வருபவரின் காலை ஒருவர் எட்டிப் பிடித்தால், மற்றவர்கள் அதே நொடியில் பாய்ந்து மூடவேண்டும். ஒருவர் பிடித்து, மற்றவர் 'நமக்கென்ன' என்று நின்றுவிட்டால் வந்தவர் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடித்தவருக்கு ஆட்டம் போச்சு. துணிந்து முன்னே பாய்ந்தவரைத் தனியே விட்டால் அடுத்த முறை யாரும் பாயமாட்டார்கள். பருப்புக் கொள்முதலில் முதலில் பணம் கட்டிய அந்த ஐந்து பேருக்கு நாங்கள் செய்தது இதுதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஆட்டமிழந்து வெளியே போய் உட்கார்ந்தவர் தானாக உள்ளே வர முடியாது. அவர் அணியைச் சேர்ந்த ஒருவர் எதிரணி ஆளை வெளியேற்றினால்தான் வெளியே இருப்பவருக்கு உயிர் வரும். நொடித்துப் போன ஒரு கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு உயிர் கொடுப்பது யார்? பதினைந்து நாள் தவணையில் நாலு மூட்டை அனுப்பும் மொத்த வியாபாரியும், "இப்போதைக்கு என் கடையிலிருந்து எடுத்து ஓட்டுங்க" என்று சொல்லும் பக்கத்துக் கடைக்காரரும்தானே?

கயிற்றில் கிடைத்த ஒரு வார்த்தை

கயிறு இழுக்கும் போட்டியை நாம் பொங்கல் விளையாட்டு என்று நினைக்கிறோம். 1900 முதல் 1920 வரை ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் அது இடம்பெற்றிருந்தது. முறையான ஆட்டத்தில் பக்கத்துக்கு எட்டுப் பேர். இதில் ஒற்றை ஆளின் பலம் பெரிதாக எடுபடாது. எட்டுப் பேரும் ஒரே நொடியில் குதிகாலை ஊன்றி ஒரே நொடியில் சாய வேண்டும். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். வடத்தின் முனையில் இருப்பவருக்குத் தேர்ச் சக்கரம் கண்ணில் படாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரை நம்பித்தான் அவர் இழுக்கிறார். முட்டுக்கட்டைக்காரரோ, குரல் கொடுத்ததும் வடம் நிற்கும் என்று நம்பித்தான் சக்கரத்தடியில் கையை வைக்கிறார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு சில்லறைக் கடைக்காரர் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. வார்த்தை தடித்தது. அதன்பின் பதினோரு ஆண்டுகள் இருவரும் பேசவில்லை. கல்யாண வீடுகளில் அவர் ஒரு பந்தி என்றால் நான் அடுத்த பந்தி. ஒரு பொங்கலுக்குத் தெருப் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கிக் கயிறு இழுக்க ஆள் பிரித்தார்கள். இருவரும் ஒரே பக்கம் வந்துவிட்டோம். எனக்கு முன்னால் அவர். பின்வாங்கும்போது அவர் குதிகால் என் பாதத்தில் ஏறியது. கயிற்றை விடவும் முடியவில்லை, காலை எடுக்கவும் முடியவில்லை. என் தோளை அவர் முதுகுக்குக் கொடுத்துத் தாங்கினேன். கடைசியில் தோற்றுத்தான் போனோம். புழுதியைத் தட்டிக்கொண்டே அவர் திரும்பி, "ரொம்ப மிதிச்சிட்டேனாண்ணே?" என்றார். "பரவாயில்லை தம்பி" என்றேன். பதினோரு ஆண்டில் முதல் வார்த்தை அதுதான்.

பாக்கி வந்ததா என்று கேட்பீர்கள். பாதி வந்தது. மீதியை நான் தள்ளிவிட்டேன். மறுநாளே கடன் கணக்குத் திறந்துவிடவும் இல்லை. ஆறு மாதம் ரொக்கத்துக்குத்தான் சரக்கு. அதன்பின் பதினைந்து நாள் தவணை. அந்தத் தவணை இன்றுவரை தவறியதில்லை.

ஒரு கப்பல் முதலாளியின் யோசனை

இன்று பெரிய கம்பெனிகள் ஊழியர்களை மலைப்பக்கம் அழைத்துச் சென்று விளையாட வைக்கின்றன. கண்ணைக் கட்டி நடக்க வைப்பது, பின்பக்கமாகச் சாய்ந்து விழச் சொல்லி மற்றவர்களைத் தாங்கிப் பிடிக்க வைப்பது என்று பலவகை. இதற்கு ஒரு முன்னோடியைத் தேடிப் போனால் ஒரு வணிகர்தான் எதிர்ப்படுகிறார். இங்கிலாந்தில் லிவர்பூலைச் சேர்ந்த புளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்ப்படகுகளில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, பலசாலிகளான இளைஞர்கள் மனம் தளர்ந்து மாண்டுபோவதாக அவர் கருதினார். கர்ட் ஹான் என்ற கல்வியாளரோடு சேர்ந்து 1941இல் வேல்ஸ் நாட்டில் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் 'அவுட்வர்டு பவுண்ட்' என்ற பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. படகு ஓட்டுதல், மலை ஏறுதல், குழுவாக இடர் கடத்தல் ஆகியவை பாடங்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது.

ஆனால் நகல் எடுத்தவர்கள் எல்லாரும் அதன் உள்ளர்த்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. என் தம்பி மகன் கோவையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவனையும் இப்படி ஒரு விடுதிக்கு அழைத்துப்போய்ச் சாய்ந்து விழச் சொன்னார்களாம். "பெரியப்பா, அன்னிக்கு நான் விழாமப் பிடிச்ச மேனேஜர், அடுத்த மாசம் என் போனஸைப் பிடிச்சுட்டாரு" என்றான். ஒரு நாள் விளையாட்டில் கிடைப்பது சிறு அறிமுகம். அடுத்து வரும் நாட்களில் நடந்துகொள்ளும் விதத்தில்தான் அது நிலைக்கும் அல்லது அழியும்.

அதே கயிறு பகையும் வளர்க்கும்

விளையாட்டு வைத்தால் சண்டைதான் வரும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில், துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரீஃப் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். ஒருவரையொருவர் அறியாத 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துக் கோடை முகாமில் தங்கவைத்தார். இரு குழுவுக்கும் கயிறு இழுத்தல் உட்படப் பல போட்டிகள் வைத்து, வென்றவருக்கு மட்டும் பரிசு என்றார். சில நாட்களில் சிறுவர்கள் எதிர்க்குழுவின் கொடியை எரித்தார்கள், அறையில் புகுந்து சாமான்களைக் கலைத்தார்கள். சமாதானப்படுத்த ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். (ஆண்டு விழா விருந்தால் ஒற்றுமை வரும் என்று நம்பும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

பிறகு இரு குழுவும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகள் வந்தன. முகாமுக்கு வரும் தண்ணீர் தடைபட்டது. எல்லாரும் சேர்ந்து அடைப்பைத் தேடினார்கள். சாப்பாடு வாங்கி வர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. எந்தக் கயிற்றால் முன்பு எதிரெதிராக இழுத்தார்களோ, அதே கயிற்றை லாரியில் கட்டி இரு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில வேலைகள் சேர்ந்து செய்த பின் பகை தணிந்தது. முகாம் நடத்தியவர்களே பகையைத் தூண்டிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் குறை கூறியவர்களும் உண்டு. அதையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை அமைப்பவர்கள் எப்படி அமைக்கிறார்களோ, விளைச்சல் அப்படி.

ஆகவே தெருவுக்குத் தெரு, சாதிக்குச் சாதி, மொத்தத்துக்கு எதிராகச் சில்லறை என்று அணி பிரித்தால் இருக்கிற பிளவை ஆழமாக்கும் வேலையைச் சங்கமே செய்ததாகும். கடையில் யாரைச் சந்தேகப்படுகிறோமோ, அவரோடு ஒரே பக்கம் நிற்க வேண்டும். என் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

என் யோசனைகள்

1. அணிகளைச் சீட்டுக் குலுக்கியே பிரிக்க வேண்டும். முதலாளியும் அவர் குடோனில் சுமை தூக்குபவரும் ஒரே அணியில் வரட்டும். ஆட்டத்தில் முதலாளி இல்லை.

2. யாரையும் வற்புறுத்தக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் நடுவராகவும் நேரம் பார்ப்பவராகவும் இருக்கலாம். அப்படி ஒதுங்குபவரைக் கேலி செய்தால் வைத்த நோக்கமே கெட்டுவிடும். முதலுதவிக்கு ஆள் வேண்டும்.

3. கயிற்றில் அலட்சியம் கூடாது. 1997இல் தைவான் தலைநகர் தைபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து இழுத்தபோது நைலான் கயிறு அறுந்து இருவர் கை துண்டாகிப் போனது. பக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பழைய லாரிக் கயிறு வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

4. பந்தயப் பணம், ரொக்கப் பரிசு கிடையாது. கலந்துகொண்ட எல்லாருக்கும் ஒரே பரிசு.

5. இன்று கடையை நிர்வகிக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். விருந்தில் பரிமாற மட்டும் அவர்களை அழைக்காமல், விளையாட்டுக் குழுவிலும் ஆட்டத்திலும் இடம் கொடுக்க வேண்டும்.

6. ஆட்டம் முடிந்ததும் அதே அணிகள் சேர்ந்து ஓர் உருப்படியான வேலை செய்ய வேண்டும். கடைவீதிச் சாக்கடை அடைப்பை எடுக்கலாம். சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமத்தில் சாந்தி சேனை மாணவர்கள் இப்படிச் சேர்ந்து உழைப்பதைப் பயிற்சியாகவே செய்திருக்கிறார்கள். நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் முன்மாதிரி அது.

செலவு என்று பார்த்தால் ஒரு நல்ல கயிறு, ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, தண்ணீர், மோர். பொன்னாடைச் செலவைவிடக் குறைவு.

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 'தெரிந்து தெளிதல்' என்று திருவள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வைத்தார். பேரேடும் ரசீதும் இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ளப் பேரேட்டைத் தவிர வேறு வழி இல்லாமல் போய்விட்டதே நம் குறை. தோற்கும்போது பக்கத்து ஆளைத் திட்டுகிறாரா, விழுந்தவரைத் தூக்கிவிடுகிறாரா, கோட்டை மிதித்தபோது தானே ஒப்புக்கொள்கிறாரா என்பதெல்லாம் அரை மணி நேர ஆட்டத்தில் தெரிந்துவிடும். பத்து ஆண்டு வரவு செலவில் அது தெரிவதில்லை.

விளையாட்டு முடிந்த மாதத்தில் கூட்டுக் கொள்முதலை மறுபடியும் தொடங்குவோம். எடுத்த எடுப்பில் பருப்பு வேண்டாம். புது ஆளுக்கு லேசான பெட்டி கொடுப்பதுபோல, தூத்துக்குடி உப்பில் ஒரு லோடு இறக்கிப் பிரித்துப் பார்ப்போம். உப்பில் நட்டம் வந்தாலும் யாரும் நொடித்துவிடப் போவதில்லை. அது சரியாக நடந்தால் அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது பருப்பு.

சென்ற முறை பொய் சொல்லிப் பின்வாங்கியவன் நான். இந்த முறை உப்பு லோடுக்கு என் பங்குப் பணத்தை முதல் ஆளாகக் கட்டிவிடுகிறேன். கயிறும் என் செலவு. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.